தருமபுரியில் ஓர் இளையோர் எழுத்து வட்டம்: ஓராண்டாகக் கண்டது

தருமபுரி நான்கு ரோட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு வீட்டின் மாடி அறையில், மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலை 3 மணிக்குக் கூடும் எழுத்து வட்டத்துக்கு, பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளை ஓராண்டாக அழைத்துச் சென்று வருகிறேன். பதினான்கு வயது முதல் கல்லூரிப் பருவம் வரையிலான பிள்ளைகள் பதினைந்து பேர் அளவில் வருகிறார்கள். கட்டணம் கிடையாது, தேநீருக்கும் நகலெடுப்பதற்கும் ஆளுக்கு 30 ரூபாய் வாங்கிக்கொள்கிறார்கள். பெற்றோர் பின்வரிசையில் உட்காரலாம், ஆனால் பேசக் கூடாது.

வாசிக்கப் போகிறவர் தம் கதையையோ கவிதையையோ எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டு, தாமே வாய்விட்டுப் படிக்கிறார். படித்து முடித்ததும் கைதட்டல் எழுவதில்லை. கேட்டவர்கள் ஒவ்வொருவரும் மனத்தில் தங்கிய ஒரு வரியை முதலில் சொல்ல வேண்டும்; அதன் பிறகே புரியாத இடத்தையும் தொய்ந்த இடத்தையும் சொல்லலாம். எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. இது கடுமையான விதி என்றுதான் தொடக்கத்தில் நினைத்தேன். எழுதியவர் விளக்கம் சொல்லத் தொடங்கினால், கேட்பவர்கள் தாளில் இருப்பதை விட்டுவிட்டு அவர் சொல்வதையே பிடித்துக்கொள்வார்கள் என்பது பின்னர்தான் விளங்கியது.

எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறோம். நான்காம் முறை தோலுரித்த பிறகு புழுக்களுக்கு வருவது பெரும்பசி. மொத்த வளர்ப்புக்கும் வேண்டிய மல்பெரி இலையில் பெரும்பகுதியை அந்தக் கடைசி ஒரு வாரத்திலேயே தின்று தீர்க்கும் என்பதால், வீட்டில் ஒருவருக்கும் சரியான உறக்கம் இருக்காது. அந்த வாரத்தை என் மகள் கதையாக எழுதி, முடிவில் உழவரின் உழைப்பைப் போற்றுவோம் என்று ஒரு பத்தியும் சேர்த்திருந்தாள். பள்ளிக் கட்டுரைப் போட்டிகளில் அப்படி எழுதிப் பரிசு வாங்கிய பழக்கம் அது. விளக்கை அணைத்த பிறகு புழுக்கள் இலை தின்னும் ஓசை மழை பெய்வதுபோல் கேட்டது என்ற வரி தம் மனத்தை விட்டுப் போகவில்லை என்றார், அரூரிலிருந்து வரும் ஒரு மாணவர். பட்டுக்கூட்டை அங்காடிக்குக் கொண்டுபோன அப்பாவுக்கு என்ன விலை கிடைத்தது என்று ஒரு பெண் கேட்டாள். கடைசிப் பத்தியைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அந்தப் பத்தி இல்லை. ஏலத்தில் விலை சரிந்த நாளன்று வெறும் சாக்குகளை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் திரும்பும் ஒரு தகப்பன் அங்கே இருந்தான். அந்தப் பயணத்தில் அவள் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தருமபுரியின் பழம்பெயரான தகடூர் என்றாலே ஔவையையும் அதியமானின் நெல்லிக்கனியையும் மேடைகளில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். தம் வீட்டுக் களியும் பட்டுக்கூட்டின் விலையும்கூட எழுதத் தக்கவை என்று இவர்களிடம் வேறு எங்கும் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. வட்டத்தில் வாசித்ததை எழுதியவரின் இசைவின்றி வாட்ஸ்அப்பில் பகிரக் கூடாது என்ற விதியும் உண்டு. வீட்டுக் கதைகளை அச்சமின்றி எழுத அதுவே வழிசெய்கிறது.

குறை இல்லாமல் இல்லை. வீட்டில் தெலுங்கு பேசும் ராயக்கோட்டை மாணவன் ஒருவன் தன் பாட்டியின் தமிழை அவர் பேசியபடியே எழுதியிருந்தான். நடத்துபவர்களில் ஒருவர் அதை ஏட்டுத் தமிழாகத் திருத்திக் கொடுத்துவிட்டார். அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு அவன் வரவில்லை. அதன் பிறகு, கதைமாந்தர் பேச்சில் கை வைப்பதில்லை என்று முடிவெடுத்து, அவனை நேரில் போய் அழைத்துவந்தார்கள். முடிவு சரியானது என்றாலும், அதற்குள் ஒரு பிள்ளை புண்பட்டிருக்க வேண்டியதில்லை. வயதில் சிறியவர்கள் கல்லூரி மாணவர்கள் நடுவே பேசத் தயங்குவதையும் பார்க்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை அவர்களுக்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பெரிதும் உதவும்.

முதல் நாள் செல்பவர்கள் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தால் போதும். எழுதிய தாளை மூன்று மாதம் பையிலேயே வைத்திருந்த ஒரு பெண்ணை அங்கே யாரும் அவசரப்படுத்தியதில்லை. கூட்டம் பெரும்பாலும் 6 மணியைத் தாண்டிவிடுகிறது. பாலக்கோடு, ராயக்கோட்டை வழியில் திரும்ப வேண்டியவர்கள் தங்கள் முறையை முன்னதாகக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது, கேட்டால் தருகிறார்கள்.