பயாஸ் அப்டேட்டில் நின்றுபோன பழைய டெஸ்க்டாப்புக்குக் காட்பாடியில் ஒரு கடை

பயாஸ் (கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் பாதியில் நின்றுவிட்டது, ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்று பழைய டெஸ்க்டாப்பை வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மதர்போர்டைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன்னால், காட்பாடி சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் இருக்கும் இந்த சர்வீஸ் கடைக்கு ஒரு தடவை கொண்டு போய்க் காட்டுங்கள்.

நான் குடியாத்தத்தில் ஸ்டிக்கர் கடை நடத்துகிறேன். நம்பர் பிளேட், லாரிக்குப் பின்னால் எழுத்து, கல்யாணக் காருக்குப் பெயர், எல்லாமே கட்டிங் பிளாட்டரில்தான் வெட்டுகிறோம். எங்கள் பிளாட்டர் பழையது, ஒன்பது பின் சீரியல் போர்ட்டில்தான் வேலை செய்யும். யூஎஸ்பி கன்வெர்ட்டர் போட்டுப் பார்த்தாகிவிட்டது. நீளமான வேலையில் நடுவில் எங்கேயோ தகவல் விட்டுப்போய், கத்தி கோணலாக இழுத்துவிடும், அந்த வினைல் வீண். அதனால்தான் சீரியல் போர்ட் உள்ள, இன்டெல் எச்61 சிப்செட் போர்டு டெஸ்க்டாப்பை விடாமல் வைத்திருக்கிறோம்.

அதில் இருந்தது இரண்டாம் தலைமுறை ஐ3 ப்ராசசர். பெரிய டிசைன் திறந்தால் திணறியது. என் தம்பி செகண்ட் ஹேண்டில் மூன்றாம் தலைமுறை ஐ5 ஒன்று வாங்கி வந்தான். இரண்டுக்கும் ஒரே 1155 சாக்கெட்தான், பொருந்தும். ஆனால் எச்61 சிப்செட் வந்தது 2011-ல், மூன்றாம் தலைமுறை வந்தது 2012-ல். பயாஸை அப்டேட் செய்யாவிட்டால் அந்தக் காலத்து போர்டுகள் பலவற்றுக்கு இந்த ப்ராசசரை அடையாளமே தெரியாது. அதையும் பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே செய்தாக வேண்டும். தம்பிக்கு இது தெரியும். தெரிந்ததால்தான் வீட்டில் கை வைக்காமல் ஊரிலேயே ஒரு கடையில் கொடுத்தான்.

அங்கே அப்டேட் ஓடும்போது கரண்ட் போயிருக்கிறது. யூபிஎஸ் இருந்தும் அதில் பேட்டரி இல்லை. சித்திரை வெயிலில் நம் ஊரில் யூபிஎஸ் பேட்டரி சீக்கிரம் போய்விடும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் அந்த யூபிஎஸ்ஸை நம்பி எப்படி அப்டேட் போட்டார்கள் என்பதுதான் என் கோபம். அப்புறம் சிப்பைக் கழற்றிக்கூடப் பார்க்காமல், “போர்டு போச்சு, ப்ராசசர், ரேம் எல்லாம் சேர்த்துப் புதுசு போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டார்கள். வைகாசி முதல் நாள் எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஸ்டிக்கர், பேனர் வேலை குவிகிற நேரம் அது. தெரிந்த ஒருவர் இந்தக் காட்பாடி கடையைச் சொன்னார். சிபியூவைத் துணியில் சுற்றிக்கொண்டு கே.வி.குப்பம், லத்தேரி வழியாக பஸ்ஸில் போனோம்.

கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். ஒரு மேஜை, ஒரு டேபிள் லேம்ப், சுவரெல்லாம் போர்டுகள். நாங்கள் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு கேட்டது ஒன்றே ஒன்று: “அப்டேட்டுக்கு முன்னாடி நல்லாத்தானேம்மா ஓடுச்சு?” ஆமாம் அண்ணா என்றேன். “அப்போ போர்டுக்கு ஒண்ணும் ஆகலை, சிப்புல எழுதினதுதான் பாதியில நிக்குது.”

இனி அவர் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கடையின் அருமை இதில்தான் இருக்கிறது. பயாஸ் சிப் எங்கள் போர்டில் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் எட்டுக்கால் சிப். விரல் நகத்தைவிடச் சின்னது, மேலே 25க்யூ64 என்று பொடி எழுத்து, ஒரு மூலையில் புள்ளி. அந்தப் புள்ளி எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். திருப்பிப் போட்டால் சிப்பே எரிந்துவிடலாமாம். பிறகு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெதுவாக நெம்பி எடுத்து, யூஎஸ்பியில் செருகியிருந்த சிஎச்341ஏ ப்ரோகிராமரில் (சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் சின்னக் கருவி) வைத்து லீவரை அழுத்தினார். இந்தக் கருப்பு ப்ரோகிராமர் எங்கேயும் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் பலவற்றில் டேட்டா கால்களுக்கு 5 வோல்ட் வரும், சிப்புக்கோ 3.3 வோல்ட்தான். அவர் தன்னுடையதை 3.3-க்கு மாற்றி சால்டர் செய்து வைத்திருக்கிறார். மல்டிமீட்டர் வைத்து எங்களுக்கும் காட்டினார்.

எடுத்த உடனே புது பயாஸை எழுதிவிடவில்லை. முதலில் சிப்பில் இருப்பதை அப்படியே படித்து ஃபைலாகச் சேமித்தார். மறுபடியும் ஒரு தடவை படித்தார். இரண்டு ஃபைலும் ஒரு பைட் பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். கால் சரியாகப் படியாவிட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வரும், அதை நம்பி எழுதினால் எல்லாம் போச்சு என்றார். பாதி அழிந்த சிப்பை எதற்குப் படிக்க வேண்டும் என்று தம்பி கேட்டான். எனக்குக் கண் திறந்தது அந்தப் பதிலில்தான்.

பல போர்டுகளில் நெட்வொர்க்கில் அந்தக் கணினிக்கு அடையாளமான மேக் எண்ணும் அதே சிப்பில்தான் இருக்கிறது. கம்பெனி தளத்தில் கிடைக்கும் ஃபைலில் அந்த இடம் காலியாக இருக்கும், அல்லது 88-88-88-88-87-88 என்று பொதுவான ஒரு எண் இருக்கும். அதை அப்படியே எழுதினால் கணினி ஓடும், பிரச்சினை பிறகுதான் தெரியும். ஒரே நெட்வொர்க்கில் அதே எண்ணோடு இரண்டு கணினி இருந்தால் இரண்டும் தகராறு செய்யும். எங்கள் விஷயத்தில் இன்னும் மோசம், கட்டிங் மென்பொருளின் லைசென்ஸ் அந்த மேக் எண்ணோடு கட்டிப்போட்டது. விற்றவர்கள் இப்போது தொழிலிலேயே இல்லை. எண் போயிருந்தால் போர்டு பிழைத்தும் பயனில்லை. நல்லவேளை, அப்டேட் பாதியில் நின்றபோது சிப்பில் அந்தப் பகுதி அழியவில்லை. பழைய ஃபைலிலிருந்து அதை எடுத்துப் புது ஃபைலில் பொருத்தினார்.

இன்னொன்றும் காட்டினார். சிப்பின் கொள்ளளவு 8 எம்பி, அதாவது 83,88,608 பைட். இறக்கிய ஃபைலோ 83,90,656. முன்னால் 2048 பைட் தலைப்பகுதி ஒட்டியிருக்கிறது. போர்டு தானே அப்டேட் செய்யும்போது அது தேவை, ப்ரோகிராமரில் எழுதும்போது வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் எழுதிவிட்டு “சிப்பும் போச்சு” என்று வருகிறவர்கள் உண்டாம். வெட்டி, எழுதி, எழுதியது சரியா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் சிப்பைத் திரும்பப் போர்டில் வைத்தார். திரையில் எழுத்து வந்தபோது தம்பி கைதட்டியே விட்டான்.

ஆனால் விண்டோஸ் போகவில்லை, நீலத் திரை. அவர் பதறவில்லை. பயாஸைப் புதிதாக எழுதினால் செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். ஹார்ட் டிஸ்க் இணையும் சாட்டா முறை ஐடிஇ-க்கு மாறியிருந்தது, எங்கள் விண்டோஸ் போட்டிருந்ததோ ஏஎச்சிஐ-யில். அதை மாற்றியதும் வந்துவிட்டது. இதே நீலத் திரையைப் பார்த்துவிட்டு ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்துவிடுகிற கடைகளும் இருக்கின்றன. பிளாட்டர் ஓடுவதற்கு சீரியல் போர்ட்டும் பழைய முகவரிக்கே, 3எஃப்8-க்கு, வைக்கப்பட்டது. மூன்று வோல்ட் காட்ட வேண்டிய, போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி இறங்கிப்போயிருந்ததால் அதையும் மாற்றினார். கடைசியில்தான் ஐ5 ஏறியது.

மொத்தமாக 700 ரூபாய் வாங்கினார், பேட்டரி உட்பட. எழுதிய ஃபைலையும் பழைய ஃபைலையும் எங்கள் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். கேட்காமலே கொடுத்தார், அதுதான் பெரிது.

குறையும் சொல்ல வேண்டும். படிக்கட்டு செங்குத்து, சிபியூவைத் தூக்கிக்கொண்டு ஏறுவது கஷ்டம், வயதானவர்கள் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரே ஆள் என்பதால் காத்திருக்கத்தான் வேண்டும், அவசரம் என்று சொன்னாலும் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு வர மாட்டார். பில் கேட்டால்தான் தருவார். போர்டில் சால்டர் செய்த சிப் என்றால் வேலையும் கூடும், காசும் கூடும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு இலவச ஆதரவு முடிந்துவிட்டதே, 11 போட்டுத் தாருங்கள் என்று தம்பி கேட்டதற்கு, மூன்றாம் தலைமுறைக்கு அது முறைப்படி கிடையாது, குறுக்கு வழியில் போட்டுத் தர மாட்டேன் என்று நேராகவே சொல்லிவிட்டார். பிளாட்டர் கணினியை இன்டர்நெட்டிலிருந்து பிரித்து வைக்கச் சொன்னார், அப்படியே வைத்திருக்கிறோம்.

போகிறவர்கள் போர்டின் முழு மாடல் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் குறித்துக்கொண்டு போங்கள். ரிவிஷன் மாறினால் பயாஸ் ஃபைலும் மாறும். அது போர்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும். பழைய ப்ராசசரைக் கழற்றி வைத்திருந்தால் அதையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.