450 ராண்டுக்கு ஒரு நூர்பர்க்ரிங்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் எட்டிப் பார்த்த ரேஸிங் சிமுலேட்டர் கடைகள் (திரை முன் உட்கார்ந்து நிஜக் கார் மாதிரியே ஓட்டும் இடங்கள்) பெரும்பாலும் பிறந்தநாள் பார்ட்டிக்கானவை. கண்ணைக் கூசும் விளக்கு, காதைப் பிளக்கும் பாட்டு, எந்தக் காரை எடுத்தாலும் ஒரே ஸ்டியரிங் கனம். அம்ஷ்லாங்கா பக்கம் ஒரு மாலின் மேல்மாடியில் இருக்கும் இந்தக் கடை அந்த ரகம் இல்லைங்க. பெயரைச் சொல்லப்போவதில்லை. குறையும் சொல்லத்தான் போகிறேன், நடத்துகிற பையன்களோ தங்கமான பையன்கள். விலைப் பலகையில் போர்ஷே, ஃபெராரி, கியாலமி என்ற வழக்கமான வரிசைக்குக் கீழே "1957 ஜெர்மன் கிராண்ட் ப்ரீ" என்று அந்தக் காலத்து ஃபார்முலா ஒன் பந்தயம் ஒன்றின் பெயரில் ஒரு வரி. 40 நிமிடம், 450 ராண்ட். அந்த ஒரு வரிக்காகத்தான் போனேன். மாமனாரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மாமா டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்காரர், ஆயுசு பூராவும் மெக்கானிக். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ராய் ஹெஸ்கெத் பந்தயத் தடம் இருந்த நிறவெறி ஆட்சிக் காலத்தில், நம்மவர்களுக்கென்று ஒதுக்கிய பக்கத்து வேலியோரம் நின்று ரேஸ் பார்த்தவர். நான் கோயம்புத்தூர். செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே பந்தயத் தடம் இருக்கிற ஊர்க்காரனுக்குக் கார் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பெண் பார்க்கப் போன அன்றே நாங்கள் இரண்டு பேரும் கார்புரேட்டர் பற்றிப் பேசி, மற்றவர்களை இட்லி ஆறும்வரை காக்கவைத்தோம்.

இந்தப் பந்தயம் என்ன விசேஷம் என்று தெரியாமல் போனால் காசு வீண். அதனால் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1957 ஆகஸ்ட் 4. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் ஒரு சுற்று 22.8 கிலோமீட்டர், மொத்தம் 22 சுற்று. ஃபெராரியில் மைக் ஹாத்தார்ன், பீட்டர் காலின்ஸ் என்று இரண்டு இளவட்டங்கள். டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பி, எங்கும் நிற்காமல் ஓடி முடிப்பது அவர்கள் திட்டம். அர்ஜென்டினாக்காரர் ஃபாஞ்ஜியோவுக்கு அப்போது 46 வயது. அவருடைய மசெராட்டி 250எஃப் பாதி டேங்கோடும் மெத்தென்ற பிரெல்லி டயரோடும் கிளம்பியது. கனம் குறைவு, பிடிப்பு அதிகம். முன்னே ஓடிச் சேர்த்த நேரத்தை நடுவில் நின்று டயர் மாற்றவும் எரிபொருள் ஊற்றவும் செலவழிக்கலாம் என்பது கணக்கு.

12ஆம் சுற்று முடிவில் ஏறக்குறைய 30 விநாடி முன்னிலையோடு பிட்டுக்குள், அதாவது டயர் மாற்றி எரிபொருள் ஊற்றும் இடத்துக்குள், வந்தார். அங்கேதான் கணக்கு கெட்டது. சக்கர நட் ஒன்று காருக்கு அடியில் உருண்டுவிட, அதைத் தேடுவதிலேயே நேரம் ஓடியது. அவர் வெளியே வந்தபோது இரண்டு ஃபெராரியும் முக்கால் நிமிடத்துக்கும் மேல் முன்னே போயிருந்தன. புது டயர் பழகும்வரை இடைவெளியும் குறையவில்லை. ஃபெராரி பிட்டில் "அப்படியே ஓட்டுங்கள், அவசரம் வேண்டாம்" என்று பலகை காட்டினார்கள். வானொலித் தொடர்பு இல்லாத காலம். ஒரு சுற்றுக்கு ஒன்பதரை நிமிடம் என்றால், ஓட்டுநருக்குச் சேதி சொல்ல ஒன்பதரை நிமிடத்துக்கு ஒரு தடவைதான் வாய்ப்பு. அவர்கள் விழித்துக்கொள்வதற்குள் மனிதர் சுற்றுக்குச் சுற்று விநாடிகளை விழுங்கிவிட்டார். 20ஆம் சுற்று 9 நிமிடம் 17.4 விநாடி. தகுதிச் சுற்றில் முதலிடம் பிடிக்க அவரே ஓட்டிய நேரத்தைவிட 8 விநாடி குறைவு! 21ஆம் சுற்றில் இருவரையும் தாண்டி, 3.6 விநாடியில் ஜெயித்தார். ஐந்தாவது உலகப் பட்டம் அன்றைக்கே உறுதியானது. 2003 வரை யாரும் அந்த ஐந்தைத் தாண்டவில்லை. கிராண்ட் ப்ரீயில் அவருக்கு அதுதான் கடைசி வெற்றியும்.

இந்தக் கடை இதை மூன்று சுற்றாகச் சுருக்கிவிட்டது. நீங்கள் 15 விநாடி பின்னால் கிளம்புவீர்கள், முன்னே இரண்டு சிவப்புக் கார், துரத்த வேண்டியதுதான். சந்தனக் கட்டையை விறகுக்குப் பிளந்த மாதிரி இருந்தது எனக்கு. பிட்டிலிருந்து கிளம்பியபின் அவருக்கு மிச்சமிருந்தவை பத்துச் சுற்று, ஒன்றரை மணி நேரம். அதில் பாதிதான் துரத்தல், மீதி எதிராளி அசந்திருந்தது. கணினி ஓட்டும் ஃபெராரி அசராது, முதல் வளைவிலிருந்தே விரட்டிக்கொண்டு ஓடுகிறது.

"முழு பத்தும் போட முடியாதா தம்பி?" என்று கேட்டேன். வார நாளில் காலை வேளை என்றால் போடலாம், 900 ராண்ட் என்றான் கடைப் பையன். பலகையில் இது இல்லை, கேட்டால்தான் சொல்வார்கள். அடுத்த வாரம் போய்விட்டோம். ஃபெராரிகளின் வேகத்தைக் குறைத்து, 48 விநாடி முன்னே விடச் சொன்னேன். திரையில் ஓடும் இடைவெளி எண்களையெல்லாம் அணைக்கச் சொன்னேன். அவனிடமிருந்து மார்க்கரும் பீட்ஸா அட்டைப் பெட்டியும் வாங்கி மாமா கையில் கொடுத்தேன். சுற்றுக்கு ஒரு தடவை அவர் எழுதிக் காட்டுவார், அவ்வளவுதான் எனக்குச் சேதி. 46, 47, 44 என்று வந்தது. ஆறாவது சுற்றில் அட்டையைத் தூக்கிக் காட்டினார்: "டீ ஆறுது மாப்ளே". கடைசிவரை அந்த ஃபெராரிகளை நான் கண்ணாலேயே பார்க்கவில்லை. ஆனாலும் 900 ராண்டும் செரித்தது.

ஸ்டியரிங்குக்கு முழு மார்க். பெரிய மரவளையம் போட்ட ஸ்டியரிங் தனியாக வைத்திருக்கிறார்கள், 250எஃப் கேட்டால் அதை மாட்டிவிடுகிறார்கள். கார் வளைவில் நாலு சக்கரமும் சறுக்கியபடியே போகும். அதைத் திருப்புவது கை இல்லை, ஆக்ஸிலரேட்டர்தான். டிரம் பிரேக் சூடேறி மந்தமாவதும் கால்களுக்குத் தெரிகிறது. கியர் கையால் போடுவது, கிளட்ச் உண்டு. உதவி வசதிகள் எல்லாவற்றையும் முதலிலேயே அணைக்கச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் தானாகப் பிரேக் போடும் பொம்மைக் காரைத்தான் ஓட்டுவீர்கள்.

பெடல் விஷயத்தில்தான் தகராறு. மசெராட்டியில் ஆக்ஸிலரேட்டர் நடுவில், பிரேக் வலது ஓரத்தில். அந்தக் காலத்து இன்னொரு பந்தய ஓட்டுநர் ஸ்டிர்லிங் மாஸ் தன் சொந்த 250எஃப்-இல் மட்டும் அதை வலப்பக்கம் மாற்றி வைத்துக்கொண்டார். இங்கே எல்லாக் காருக்கும் வலப்பக்கம்தான். மாமா விடுவாரா? "நடுப் பெடலை ஆக்ஸிலரேட்டர் ஆக்க முடியாதா?" என்று பையனிடம் கேட்டார். மென்பொருளில் மாற்றிக் கொடுத்தான். ஆனால் நடுவில் இருப்பது மிதிக்கும் தூரத்தை அளக்காமல் அழுத்தத்தை அளக்கிற பிரேக் பெடல். கல்லு மாதிரி. பாதி வேகம் போவதற்கே மாமா சீட்டைப் பிடித்துக்கொண்டு காலை ஊன்ற வேண்டியிருந்தது. "இது கார் இல்லை மாப்ளே, ஜாக்கி" என்று இறங்கிவிட்டார். இரண்டு பெடலையும் கழற்றி இடம் மாற்றிப் போட அரை மணி நேர வேலை, நாலு போல்ட். 1957 என்று பலகையில் எழுதிக் காசு வாங்குகிறவர்கள் அதைச் செய்யலாம்.

தடமும் இன்றைய தடம். இரண்டு அடுக்கு இரும்புத் தடுப்பு, சிவப்பு வெள்ளைக் கர்ப், அன்றிருந்த தெற்குப் பக்கத் தொடக்கப் பகுதி இல்லாத 20.8 கிலோமீட்டர். 57இல் ஓரத்தில் இருந்தது வேலிச்செடியும் பள்ளமும். ஃபாஞ்ஜியோ தாண்டும்போது தெறித்த கல் காலின்ஸ் கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியை உடைத்தது என்றால் ஓரம் எப்படி இருந்திருக்கும் பாருங்கள். இருந்தாலும் மேடு பள்ளம் அசல். ஃப்ளுக்பிளாட்ஸ் மேட்டில் கார் தரையை விடும்போது, ஆடும் மேடையில் வயிறு தனியாக மேலே போகிறது. கருசெல் வளைவின் கான்கிரீட் சரிவில் பல் கிடுகிடுக்கிறது.

இடித்துவிட்டால் ஸ்டியரிங்கில் ஒரு பட்டன், அமுக்கினால் கார் மறுபடி பளபளவென்று தடத்தில் நிற்கும். பையன் அதைப் பெருமையாகக் காட்டினான். காலின்ஸ் மறுவருடம், 1958இல், இதே நூர்பர்க்ரிங்கில் நடந்த விபத்தில்தான் இறந்தார் என்று மாமா அவனிடம் சொன்னார். ஹாத்தார்ன் அந்த வருடம் உலக சாம்பியன் ஆகி, 1959 ஜனவரியில் சாதாரண ரோட்டில் கார் விபத்தில் போனதையும் சொன்னார். பையனுக்கு இரண்டும் தெரியாது. அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது, பாவம்.

மற்றவை. தலையில் மாட்டும் விஆர் கண்ணாடி வேண்டாம்; அந்தத் தடத்தின் நெளிவில் குமட்டும், மூன்று திரையே நல்லது. மூடிய ஷூ கட்டாயம், அடிப்பாகம் மெல்லியதாக இருக்கட்டும். மின்வெட்டு வந்தால் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஏசி மட்டும் நிற்கும். டீ சுமார், ரூய்போஸ் என்ற மூலிகை டீ பரவாயில்லை. மூன்று சுற்றுக்கு ஐந்துக்கு மூன்று தருவேன், பத்துச் சுற்றுக்கு நாலரை. மாலில் முதல் இரண்டு மணி நேரம்தான் பார்க்கிங் இலவசம். பத்தும் ஓட்டினால் தாண்டிவிடும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.