17 அங்குலம்: பழைய வண்ணாரப்பேட்டையில் ஏழு வாரங்கள்

இங்கிலாந்தில் என் கணவரின் தாய்மாமாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை நடப்பதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவமனையிலிருந்து ஒரு படிவம் வந்தது. கட்டில், அன்றாடம் உட்காரும் நாற்காலி, கழிப்பறை இருக்கை ஆகியவற்றின் உயரத்தையும், அவருடைய முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரையுள்ள உயரத்தையும் அளந்து எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். இதற்கெல்லாமா ஒரு படிவம் என்று அன்று எங்கள் வீட்டில் சிரித்தோம். தை மாதம் அம்மாவுக்கு அதே அறுவை என்று முடிவானபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் படிவம்தான். பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் பெட்டியை இறக்கி வைத்ததும் அம்மாவின் தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்து இஞ்ச் டேப்பை எடுத்தேன்.

அம்மாவின் முழங்கால் மடிப்பு தரையிலிருந்து 15 அங்குலம் இருந்தது. உட்காரும்போது இடுப்பு அதிகமாக மடங்காமலிருக்க, அதற்கு மேல் 2 அங்குலம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது இங்கிலாந்தில் கற்ற கணக்கு. ஆகவே அவர் உட்காரும் எதுவும் 17 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. வீட்டில் இருந்த நைலான் பட்டைக் கட்டில் 14 அங்குலம். அதுவும் ஆள் உட்கார்ந்தால் தொய்ந்துவிடும். மெஷினுக்கு முன்னால் கிடக்கும் முக்காலி 13. கழிப்பறை இந்தியன் டாய்லெட் என்பதால் அங்கே அளப்பதற்கு ஒன்றுமில்லை. அறுபத்தெட்டு வயது வரை பாயில் படுத்து, அரிவாள்மணையில் காய் நறுக்கி, குந்திக் கோலம் போட்டு, சம்மணமிட்டுச் சாப்பிட்டவருடைய வீட்டில் 17 அங்குலத்துக்கு மேல் உட்காரத்தக்கதாக இருந்தவை வாசல் திண்ணையும் ஒரு மர நாற்காலியும் மட்டுமே.

அம்மா நாற்பது ஆண்டுகளாக ரவிக்கை தைப்பவர். எம்.சி. ரோட்டில் சேலை வாங்குபவர்களில் பலர் அப்படியே எங்கள் சந்துக்குள் நுழைந்து துணியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வலது இடுப்பு மூட்டு தேய்ந்து, கடைசி இரண்டு ஆண்டுகள் நொண்டி நொண்டித்தான் நடந்தார். தெருக்கோடிப் பால் கடைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். தொலைபேசியில் அவர் எப்போதும் நன்றாகவே இருந்தார்.

எங்கே அறுவை செய்வது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. ஸ்டான்லி மருத்துவமனையை அம்மா இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய சத்திரத்தின் வழியாக வந்த பெயர் அது. அரசு மருத்துவமனைகளில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் மூட்டு மாற்று அறுவை செய்கிறார்கள் என்பதால் அங்கேயே போகலாம் என்பது அம்மாவின் கட்சி. எனக்குக் கிடைத்திருந்த ஏழு வார விடுப்புக்குள் தேதி அமைய வேண்டும் என்ற ஒரே காரணத்தால் வட சென்னையிலேயே உள்ள ஒரு தனியார் மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தோம்.

அறுவையைப் பற்றி எனக்குக் குறை எதுவுமில்லை. தேய்ந்துபோன பந்துமுனையை அகற்றிவிட்டு, தொடை எலும்புக்குள் உலோகத் தண்டைச் செருகி, இடுப்பெலும்பில் பாலிஎதிலீன் கிண்ணத்தைப் பொருத்தும் இந்த முறையை 1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி நிலைநிறுத்தினார். உலகமெங்கும் பழகிப்போன இந்த வேலையைப் பழைய வண்ணாரப்பேட்டைக்கு அருகிலும் அதே கச்சிதத்தோடு செய்கிறார்கள். மறுநாள் காலையிலேயே இரண்டு செவிலியர்கள் அம்மாவை வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். வலது காலில் முழு எடையையும் ஊன்றலாம் என்று மருத்துவர் சொன்னதை அம்மா நம்பவில்லை. "துணியில ஊசி குத்தி வச்ச மாதிரி இருக்குது, பிரிஞ்சிடப் போகுது" என்று சொல்லிக்கொண்டே நான்கு அடி வைத்தார்.

குறை தொடங்கியது ஐந்தாம் நாள், வீட்டுக்கு அனுப்பும்போது. டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகளும், ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தும், தையல் பிரிக்க வேண்டிய நாளும் தெளிவாக இருந்தன. குனிந்து தரையில் கிடப்பதை எடுக்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது, அறுவை செய்த காலை உள்நோக்கித் திருப்பக் கூடாது, இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது என்ற நான்கும் ஒரே வரியில், 'வழக்கமான எச்சரிக்கைகள்' என்று அச்சாகியிருந்தன. பின்பக்கமாகத் திறந்து செய்யும் அறுவையில், தசைகள் ஆறி இறுகும் வரை, அதாவது முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள், மூட்டு நழுவாமல் காப்பவை இந்த விதிகள்தான். வீட்டில் எந்த வகைக் கழிப்பறை இருக்கிறது என்று எங்களை ஒருவரும் கேட்கவில்லை. பில் கட்டும் இடத்தில் கேட்ட கேள்விகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், இந்த ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.

எனவே ஊரில் என்னென்ன கிடைக்கும் என்பதை நானே அலைந்து கண்டுபிடித்தேன். அலைய வேண்டியிருந்ததே தவிர, கிடைக்காத பொருள் என்று எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெருவில் சர்ஜிகல் பொருள்கள் விற்கும் கடைகளில் வாக்கர், கமோடு நாற்காலி, தொடைவரை ஏறும் இறுக்கமான காலுறை எல்லாம் ஒரே காலைப்பொழுதில் வாங்கிவிட்டேன். கமோடு நாற்காலியின் கால்களில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். முதலில் எடுத்துக் காட்டியதில் இல்லை. 'எல்லாம் ஸ்டாண்டர்ட் சைஸ்தாம்மா' என்ற கடைக்காரர், நான் இஞ்ச் டேப்பைப் பிரித்ததும் உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தார். கட்டிலின் நான்கு கால்களுக்கும் குழிவெட்டிய மரக்கட்டைகளை ஆசாரி ஒருவர் அரைநாளில் செய்து கொடுத்தார். நைலான் பட்டைக்கு மேல் ஒரு பிளைவுட் பலகையும் கெட்டியான மெத்தையும் போட்டதும் 18 அங்குலம் ஆயிற்று. குளியலறைச் சுவரில் கம்பி பதிக்க வந்த பிளம்பர், துண்டு தொங்கவிடும் கம்பிக்குரிய திருகாணியைப் போடப் போனார். ஓர் ஆளின் முழுப் பாரத்தையும் அது தாங்க வேண்டும் என்று விளக்கி, செங்கல் வரை துளையிட்டு முடிக்க மாலையாகிவிட்டது.

அம்மாவை அழைத்துவந்தது ஒரு சிறிய வாடகைக் கார். முன்சீட்டை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளி, தலையணை போட்டு உயர்த்தி, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தோம். அம்மா முதலில் சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று அப்படியே உட்கார்ந்து, பை வழுக்கியதால் உடம்பைத் திருகாமலே இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொண்டார். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டுநர் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். எங்கள் சந்து வாசலில் அவரே இறங்கி வாக்கரை விரித்துக் கொடுத்தார்.

இனி வாசற்படி. எங்கள் பகுதியில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலையைப் போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது இரண்டு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் இதற்கு என்ன பொருள் என்பது வட சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாக்கரோடு இறங்குகிறவருக்கு, எந்தக் காலை முன்னால் வைப்பது என்பது அங்கே உயிர்நிலையான கேள்வியாகிவிடுகிறது. ஏறும்போது நல்ல காலும் இறங்கும்போது அறுவை செய்த காலும் முதலில் போக வேண்டும். உடம்பைத் தூக்குவதும் தாழ்த்துவதும் பலமுள்ள காலின் வேலையாக இருக்க வேண்டும் என்பதே இதற்குக் காரணம். இடது, வலது என்று சொன்னால் அம்மாவுக்குக் குழம்பியது. இரண்டாம் நாள் அவரே இடது காலுக்கு மாமியார் என்றும் புது மூட்டு வைத்த காலுக்கு மருமகள் என்றும் பெயர் வைத்துக்கொண்டார். "ஏறும்போது மாமியார் மொதல்ல, எறங்கும்போது மருமக மொதல்ல." அதற்குப் பிறகு ஒருமுறையும் தப்பவில்லை.

பகலில் உதவிக்கு ஆள் வேண்டும் என்று ஓர் ஏஜென்சி மூலம் அட்டெண்டர் வைத்தோம். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு முதலில் வந்த பெண் நல்லவர்தான். ஆனால் அவருக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. கட்டிலில் திருப்பும்போது கால்களுக்கிடையே தலையணையை வைக்காமல் வலது காலை இடது காலுக்கு மேலாக இழுத்தார். நான் கத்தியதில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார். ஏஜென்சியில் கேட்டபோது, 'ஆபரேஷன் கேஸ்னு சொன்னீங்க, அனுப்பினோம்' என்றார்கள். மூன்றாம் நாள் வந்த இன்னொருவர் ஏற்கெனவே இப்படி இரண்டு பேரைப் பார்த்துக்கொண்டவர். அவர் வந்த பிறகே நான் பகலில் ஒரு மணி நேரமாவது கண்ணயர்ந்தேன். வரப்போகிறவரிடம் முன்கூட்டியே தொலைபேசியில், நோயாளியை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பீர்கள் என்று கேட்டுவிடுங்கள்; அந்த ஒரு பதிலிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்த இளம் பிசியோதெரபிஸ்ட்டை இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பேறு என்றே சொல்வேன். ஒரு வருகைக்கு 500 ரூபாய். கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, தொடைத்தசையை இறுக்கிவிடுவது, குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி முழங்காலை மடக்குவது, காலைப் பக்கவாட்டில் நகர்த்துவது என்று அவர் கொடுத்த பயிற்சிகள் எல்லாம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதவை. பக்கவாட்டில் நகர்த்தும் பயிற்சியை மட்டும் அவர் விடாப்பிடியாகச் செய்ய வைத்தார். இடுப்பின் பக்கத்திலுள்ள தசை வலுக்காமல் போனால், மூட்டு புதிதாக இருந்தும் ஒவ்வோர் அடிக்கும் உடம்பு சாய்ந்து பழைய நொண்டலே திரும்பிவிடுமாம்.

மூன்றாம் வாரம் அம்மா ஒரு புகார் சொன்னார். "கண்ணு, இந்தக் காலு நீளமாயிட்டுது. அரை இஞ்ச்சாவது இருக்கும். நான் தையக்காரி, எனக்குத் தெரியாதா?" பிசியோதெரபிஸ்ட் பெண் மறுத்துப் பேசவில்லை. அம்மாவைப் படுக்க வைத்து, அதே இஞ்ச் டேப்பால் இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து கணுக்காலின் உள்முட்டு வரை இரண்டு கால்களையும் அளந்து, டேப்பில் விரலை வைத்தபடியே அம்மாவிடம் கொடுத்து, "நீங்களே படிங்கம்மா" என்றார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பல மாதங்கள் குறுகிக் கிடந்த தசைகள் இடுப்பை ஒருபக்கமாகச் சாய்த்து வைத்திருப்பதால் கால் நீண்டதுபோல் தோன்றுகிறது. தசை தளரத் தளர அது சரியாகிவிடும் என்று விளக்கினார். அம்மா டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழைய டேப்பு, இழுத்துப்போயிருக்கும்" என்றார். ஆனாலும் மறுநாளிலிருந்து அந்தப் பேச்சு வரவில்லை. அதே பெண் மெஷின் இழுப்பறையிலிருந்த டெய்லர் சாக்பீஸால் தாழ்வாரத்தில் சம இடைவெளியில் கோடுகள் போட்டார். வாக்கர், வலது கால், இடது கால் என்று அம்மா அந்தக் கோடுகளில் நடந்தார். இரண்டு அடிகளுக்கு இடையே இடைவெளி மாறினால் யாரும் சொல்வதற்கு முன்பே அவர் கண்ணில் பட்டுவிடும்.

பணம் கொடுத்து ஆளை வரவழைக்க முடியாதவர்களுக்காக ஒரு வரி. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் அடக்கம். எங்கள் சந்தில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஒருவருக்கு அப்படித்தான் வருகிறார்கள். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

பார்க்க வந்த உறவினர்களைச் சேவை என்ற கணக்கில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. ஹார்லிக்ஸும் வாழைப்பழமுமாக வந்தவர்களில் ஒருவர், பேசாமல் புத்தூர் கட்டு போட்டிருக்கலாமே என்றார். முறிந்த எலும்புக்குக் கட்டுகிற கட்டு, தேய்ந்து மறைந்த குருத்தெலும்புக்கு என்ன செய்யும் என்று கேட்க நினைத்து, காபி கொடுத்து அனுப்பினேன். இன்னொருவர் கீழே விழுந்த சாவியை எடுக்குமாறு அம்மாவிடமே சொன்னார்.

ஆறாம் வாரம் மருத்துவர் பார்த்துவிட்டு வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறச் சொன்னார். தடியை வலிக்கிற பக்கத்தில்தான் பிடிக்க வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறோம். எதிர்ப்பக்கக் கையில், அதாவது அம்மாவுக்கு இடது கையில், பிடித்தால்தான் புது மூட்டின் மேல் இறங்கும் பாரம் குறையும். அந்த வாரக் கடைசியில் திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவில் அவர் அதுவரை ஏறியதே இல்லை. லிப்டில் இறங்கி, நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையே படியே இல்லாமல் நேராக உள்ளே நடந்தபோது, "இது மாமியாரா மருமகளா?" என்று கேட்டார். இரண்டுமில்லை என்றேன். சந்திலிருந்து நிலையம் வரை போனதுதான் பயணத்தின் கடினமான பகுதி. நடைபாதையில் இரண்டு சக்கர வண்டிகளும் இளநீர்க் குவியலும் இருந்ததால் சாலையோரமாகத் தடியை ஊன்றி, நான் வெளிப்பக்கம் நடந்து அவரை உள்பக்கம் விட்டுக் கூட்டிப்போனேன். தேரடி நிலையத்தில் இறங்கிக் கோயிலுக்கு நடந்தோம். கூட்டத்துக்குள் போக வேண்டாம் என்று வெளியில் நின்றே ராஜகோபுரத்தைக் கும்பிட்டார். திரும்பும்போது ஒருமுறைகூட சுவரைத் தேடவில்லை.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் மெஷினுக்கு முன்னால் போய் நின்றார். பன்னிரண்டு வாரம் முடியட்டும், அதற்குப் பிறகு மிதிக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால் 13 அங்குல முக்காலியில் உட்காரக் கூடாது. ஆசாரியை மறுபடி வரவழைத்தோம். முக்காலியை 4 அங்குலம் உயர்த்தினால் மெஷின் மேசையும் அதே அளவு உயர வேண்டும், மிதிக்கட்டை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், மேசை உயர்ந்த அளவுக்கு இணைப்புக் கம்பியை நீளமானதாக மாற்ற வேண்டும் என்று அவர் குனிந்து பார்த்துச் சொன்னார். அம்மா இஞ்ச் டேப்பின் ஒரு முனையை அவரிடம் நீட்டினார். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.