புது டிரைவர், ஐந்து வருட கார் இன்சூரன்ஸ்: எங்கே மிச்சம் பிடித்தேன், எங்கே சொதப்பினேன்

2021 அக்டோபரில் ஒரு 1,197 சிசி பெட்ரோல் ஹேட்ச்பேக் எடுத்தேன். லைசென்ஸ் கைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கனடாவில் இருக்கும் தம்பி, "புது டிரைவர்னா இன்சூரன்ஸ்ல தீட்டிடுவாங்கண்ணே" என்று ஏகத்துக்கும் பயமுறுத்தியிருந்தான். அங்கே அப்படித்தான், ஓட்டுநரின் வயதும் அனுபவமும் பார்ப்பார்கள். நம் ஊரில் முக்கியமாகப் பார்ப்பது காரைத்தான்: எத்தனை சிசி, எத்தனை வயது, என்ன மதிப்பு, எங்கே பதிவு செய்தது (சென்னை ஒரு மண்டலம், செங்கல்பட்டு, மதுரையெல்லாம் வேறு). அதனால் புதுசு என்பதற்காகத் தனியாக யாரும் பணம் கேட்கவில்லை. ஆனால் புதுசு என்பதால் ஏமாந்து கொடுக்க இருந்தது நிறைய.

ஷோரூமில் முதலில் நீட்டிய கொட்டேஷன் 41,200. அதில் மூன்று வருடத்துக்கான தேர்ட் பார்ட்டி (நம் காரால் மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கானது) 9,534, இது அரசு நிர்ணயித்த தொகை, பேரம் கிடையாது. மீதியில்தான் விளையாட்டு. சாவி தொலைந்தால் கவர், டயர் கவர், பொருள் தொலைந்தால் கவர் என்று நான் கேட்காதது ஐந்தாறு உள்ளே இருந்தன. வெளியே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரித்தால் 31,600. "வெளிய போட்டா கேஷ்லெஸ் வராது சார்" என்றார் சேல்ஸ்காரர், அதாவது ரிப்பேர் பில்லைக் கம்பெனியே கேரேஜுக்கு நேராகக் கட்டும் வசதி. அந்தக் கம்பெனியின் கேரேஜ் பட்டியலில் இதே ஷோரூமின் சர்வீஸ் சென்டர் இருந்ததை மொபைலில் காட்டினேன், பத்து நிமிடத்தில் அவரே 32,000க்கு இறங்கி வந்துவிட்டார். மொத்த ஐந்து வருடத்தில் ஒரே நாளில் அதிகம் மிச்சமானது அன்றைக்குத்தான்.

ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் கவர்) மட்டும் விடவில்லை. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள், புதிதாக ஓட்டுகிறவன் முதலில் இடிப்பதோ பம்பரை, அது பிளாஸ்டிக்.

எதிர்பார்த்தபடியே இடித்தேன். எட்டாவது மாதம், அபார்ட்மெண்ட் பார்க்கிங் தூணில் இடது பின்பக்கம் தேய்த்துக்கொண்டு போனது. சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் 4,800. "கிளைம் போட்டுடலாம் சார், உங்களுக்கு ஆயிரம்தான் செலவு" என்றார் அட்வைசர். போட்டிருப்பேன், ஆனால் எங்கள் ஏஜெண்ட் மாமா ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். கிளைம் போடாமல் இருந்தால் ஓன் டேமேஜ் (நம் காரின் சேதத்துக்கான) பிரீமியத்தில் வருடாவருடம் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று என்சிபி (நோ கிளைம் போனஸ்) தள்ளுபடி ஏறும். ஒரு சின்ன கிளைம் போட்டாலும் பூஜ்ஜியத்திலிருந்து திரும்ப ஆரம்பிக்கணும். என் பாலிசிக்கு அடுத்த வருடம் மட்டும் 2,200 போகும், அதற்கடுத்த வருடங்களிலும் ஒரு படி பின்தங்கியே இருப்பேன், ஜிஎஸ்டியோடு சேர்த்தால் நான்கு வருடத்தில் ஐயாயிரத்துக்கு மேல். கையில் வரப்போவது 3,800. விட்டுவிட்டு தெருமுனை டிங்கரிங் கடையில் 2,200க்கு முடித்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் கலர் கொஞ்சம் வித்தியாசம் தெரியும், யார் கிட்டப் போய்ப் பார்க்கிறார்கள்?

அப்புறம் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. 2023 ரினியூவலில் எல்லாவற்றையும் வெட்டலாம் என்று உட்கார்ந்து, எஞ்சின் பழுதுக்குப் பணம் தரும் எஞ்சின் கவரை நீக்கிவிட்டேன், தொள்ளாயிரம் ரூபாய் மிச்சம். ஐடிவியையும், அதாவது பாலிசியில் காட்டும் கார் மதிப்பையும், குறைத்து வைத்தேன் (ஆன்லைனில் பிரீமியம் மலிவாகத் தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள், காரின் மதிப்பையே குறைத்துக் காட்டியிருப்பார்கள், கார் மொத்தமாகப் போனால் கிடைப்பது அவ்வளவுதான்). சரியாக இரண்டு மாதத்தில் மிக்ஜாம் புயல். எங்கள் பார்க்கிங்கில் முழங்கால் தண்ணீர். நான் சாவியைத் தொடவே இல்லை, தண்ணீர் வடிந்ததும் டோ பண்ணி எடுத்துப்போனேன், ஃப்ளோர் மேட் எல்லாம் கழற்றிக் காயவைத்ததோடு போயிற்று. பக்கத்து பிளாட் அண்ணன் ஸ்டார்ட் செய்து பார்த்தார், எஞ்சினுக்குள் தண்ணீர் இழுத்து மொத்தமாக நின்றுவிட்டது. அவரிடமும் எஞ்சின் கவர் இல்லை. வெள்ள சேதத்துக்கு சாதாரண காம்ப்ரிஹென்சிவ் (தேர்ட் பார்ட்டியும் ஓன் டேமேஜும் சேர்ந்த) பாலிசியே பணம் தரும், ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் அது உங்கள் தப்பு என்று கைவிரித்துவிடுவார்கள். சென்னையில் இருந்துகொண்டு அந்தத் தொள்ளாயிரத்தை இனி நான் மிச்சம் பிடிக்கப் போவதில்லை.

வாலண்டரி டிடக்டிபிளும் அதே வருடம் முயற்சி செய்தேன். கிளைம் வந்தால் முதல் ஐயாயிரத்தை நானே ஏற்கிறேன் என்றதற்குப் பிரீமியத்தில் எண்ணூறு சொச்சம்தான் குறைந்தது. அடுத்த வருடம் நீக்கிவிட்டேன்.

2024இல் மூன்று வருட தேர்ட் பார்ட்டி முடிந்து 3,416 புதிதாகச் சேர்ந்தது, பில்லைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தேன். அதைச் சரிக்கட்ட கிலோமீட்டர் கணக்குப் பாலிசி எடுத்தேன், வீட்டிலிருந்தே வேலை என்பதால் வருடத்துக்கு ஆறாயிரம்தான் ஓடும். 7,500 கிலோமீட்டர் ஸ்லாப், ஓடோமீட்டரை போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். பொங்கலுக்குத் திருநெல்வேலி, கோடையில் இரண்டு முறை ஊர் என்று போனதில் ஆகஸ்டிலேயே எல்லை நெருங்கி, கூடுதல் கிலோமீட்டருக்கு டாப்-அப் போட வேண்டியதாயிற்று. லாபம் இருந்தது, சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஊருக்கு ரயிலில் போகிறவர்களுக்கு நன்றாக ஒத்துவரும்.

இப்போது என்சிபி 45இல் இருக்கிறது. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் ரினியூ செய்யாவிட்டால் அது மொத்தமும் போய்விடும் என்பதால் காலண்டரில் மூன்று இடத்தில் குறித்து வைத்திருக்கிறேன். இந்த வருடம் காரை மாற்றும் யோசனையும் உண்டு. என்சிபி காருக்கு இல்லை, ஓனருக்குத்தான், விற்கும்போது கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்தால் புதுக் காருக்கு அப்படியே தள்ளுபடி கிடைக்கும். எக்ஸ்சேஞ்ச் பேச வந்த ஆள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கடிதம் கைக்கு வராமல் விற்பனைப் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.