ஓப்பன் நொலெட்ஜ் மெப்ஸ்: தேடினால் பட்டியல் இல்லை, வட்டங்கள் வரும்

கம்பஸ் பிள்ளைகள் யாராவது றிசேர்ச்சுக்கு எங்கே தேடுவது என்று கேட்டால் நான் இந்தத் தளத்தைச் சொல்வதுண்டு, ஆனால் எல்லாருக்கும் சொல்வதில்லை. எந்தக் கட்டுரை வேண்டும் என்று தெரிந்தவருக்கு இது வீண் வேலை, கூகுள் ஸ்கொலரில் அடித்து எடுத்துவிட்டுப் போகலாம். தலைப்பு மட்டும் கையில் இருக்கிறது, அதற்குள் என்னென்ன கிடக்கிறது என்று ஒன்றும் பிடிபடவில்லை என்று முழிக்கிறவருக்குத்தான் இது.

வியன்னாவில் இருந்து நடத்துகிறார்கள், இலாப நோக்கமில்லாத அமைப்பு. காசும் இல்லை, கணக்குத் திறக்கவும் தேவையில்லை. ஒரு சொல்லைக் கொடுத்தால், ஜேர்மனியில் பீலஃபெல்ட் பல்கலைக்கழக நூலகம் நடத்தும் பேஸ் என்ற தேடுபொறியில் இருந்து 100 ஆவணங்கள் வரை எடுத்து, ஒன்றோடொன்று ஒத்தவற்றை ஒரே வட்டத்துக்குள் போட்டுத் தருகிறது. மருத்துவப் பக்கம் என்றால் பேஸுக்குப் பதிலாக மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட்டைத் தெரிவு செய்யலாம். மீன் சந்தையில் இறால் ஒரு கூறு, நண்டு ஒரு கூறு என்று பிரித்து வைத்தால் கண் எப்படி ஓடுமோ அப்படி ஓடுகிறது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வட்டங்கள் விஷயத்திலும் நெருக்கமானவை. வட்டத்தை அமத்தினால் பெரிதாகி, உள்ளே ஒவ்வொரு கட்டுரையும் சின்னக் கடதாசி மாதிரித் தெரியும், தலைப்பும் எழுதியவர் பெயரும் அதிலேயே இருக்கும். அதை அமத்தினால் பக்கத்தில் சுருக்கம் வரும், இலவசமாகத் திறந்து விட்ட கட்டுரை என்றால் அங்கேயே வாசிக்கலாம்.

உதாரணத்துக்கு, சும்மா வாவி என்று ஆங்கிலத்தில் அடித்தால் உலகத்து வாவிகள் எல்லாம் வரும், வெனிஸ்காரர்கள் முன்னுக்கு வந்து குந்திக்கொள்வார்கள், நம்முடைய மட்டக்களப்பு வாவிக்கு இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். 100 தான் கணக்கு என்பதால் ஊர்ப் பெயரையும் சேர்த்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவதுதான் நல்லது. ஆனால் மிகவும் குறுக்கினால் நாலைந்து ஆவணம்தான் மிஞ்சும், மறுகா வட்டம் எதற்கு?

பிரிக்கிற விதத்தையும் தெரிந்து வைத்திருங்கள். யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று இது பார்ப்பதில்லை. தலைப்பு, சுருக்கம் போன்றவற்றில் உள்ள சொற்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்றுதான் பார்க்கிறது. ஒருவர் கண்டல் காடு என்று பொதுவாக எழுதி, மற்றவர் அதே மரத்தின் அறிவியல் பெயரை மட்டும் போட்டிருந்தால் இரண்டும் வேறு வேறு வட்டத்தில் போய் விழக்கூடும். வட்டத்தின் பெயரும் இயந்திரம் வைத்ததுதான், அதை அப்படியே தூக்கி அசைன்மென்டில் அத்தியாயத் தலைப்பாகப் போடாதீர்கள், சேர் கண்டுபிடித்துவிடுவார்.

நல்ல கட்டுரை ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தால் கனெக்டட் பேப்பர்ஸ் என்ற இன்னொரு தளத்தின் பக்கம் போங்கள். அது மேற்கோள்களை வைத்து உறவு காட்டுகிறது. பெரிய வட்டம் என்றால் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது, நிறம் கடுமையாக இருந்தால் புதியது. இலவசமாகப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு அளவு உண்டு.

இரண்டுக்கும் லப்டொப் நல்லது. போன் திரையில் வட்டத்தை விரலால் நோண்டிக்கொண்டிருப்பதை விடப் பட்டியலே மேல்.

எனக்கு உள்ள ஆசை வேறு. 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத் தளத்தில் நம்மவர்களின் நூலும் சஞ்சிகையும் பத்திரிகையும் மலை போல் இருக்கின்றன. எழுத்தாளர், ஆண்டு என்று பட்டியலாகத் தேடலாம். அதற்கு இப்படி ஒரு படம் இருந்தால், மட்டக்களப்பு என்று அடித்தவுடன் வடமோடி, தென்மோடிக் கூத்து ஒரு பக்கம், கண்ணகி வழிபாடு அதற்குப் பக்கத்தில், விபுலாநந்தர் இன்னொரு பக்கம் என்று விரிந்தால் எப்படி இருக்கும்! ஆனால் பழைய கோயில் மலருக்கும் கூத்துப் புத்தகத்துக்கும் சுருக்கம் யார் எழுதி வைத்தார்கள்? சொல் இல்லாமல் இயந்திரம் எதைப் பார்த்துப் பிரிக்கும்? முதலில் யாராவது குந்தியிருந்து ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுத வேண்டும்.