பக்கவாதத்துக்குப் பிறகு: ரோபோ மெஷினும் நாலுகால் குச்சியும்

இடது கையும் காலும் பக்கவாதத்தில் விழுந்து மூன்றாவது வருடம் ஓடுகிறது. காவேரிப்பட்டணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். இப்போது குச்சி ஊன்றிக் கடைக்கு நடந்தே போய் வருகிறேன். அதனாலோ என்னவோ, யார் வீட்டில் இப்படி ஆனாலும் என்னிடம் வந்து, "அக்கா, எந்த மெஷின் நல்லது?" என்று கேட்கிறார்கள். நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: "இப்ப ஆள் எழுந்து நிக்கிறாரா, இல்லையா?" அதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

எனக்கு ஆரம்பத்தில் நிற்கவே வரவில்லை. பெங்களூருவில் ஒரு மருத்துவமனையில் லோகோமேட் என்ற ரோபோவில் ஏற்றினார்கள். சுவிட்சர்லாந்தின் ஹொகோமா கம்பெனி செய்வது. மேலே இருந்து பெல்ட் கட்டி நம்மைத் தொங்கவிட்டு, உடம்பு எடையில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். கீழே டிரெட்மில் ஓடும். இடுப்பு மூட்டிலும் முழங்கால் மூட்டிலும் மோட்டார் வைத்த சட்டம் காலை மடக்கி நீட்டும். கணுக்காலுக்கு மோட்டார் கிடையாது. பாதம் தொங்காமல் இருக்க வார் போட்டு முன்பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிறார்கள்.

புடவையோடு அதில் ஏற முடியாது. மகனுடைய டிராக் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு போனேன். தொடை இடுக்கில் வரும் பட்டைதான் ரொம்பப் படுத்தியது. அந்த இடத்தில் ஓரம் மடித்துத் தைக்காமல் வெட்டி விட்டிருந்தது தையல்காரி கண்ணுக்கு உடனே தெரிந்தது. ஒரு துண்டை மடித்து உள்ளே வைத்த பிறகு சரியானது.

அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மெஷினே காலைத் தூக்கி வைப்பதால் நாம் சும்மா தொங்கிக்கொண்டு போனாலும் நடப்பது போலத்தான் இருக்கும். அது தரும் உதவியைக் குறைத்து வைக்க வழி உண்டு. குறைத்த அன்றுதான் எனக்கு வியர்த்தது. உங்கள் ஆளை ஏற்றினால், உதவி எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று தினமும் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பணம் போட்டது வீணா என்றால், இல்லை. நடக்கவே முடியாதவர்களுக்கு, அதுவும் பக்கவாதம் வந்த முதல் மூன்று மாதத்துக்குள், பிசியோதெரபியோடு சேர்த்து இந்த மாதிரி மெஷினைக் கொடுத்தால் தனியாக நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஓரளவு நடக்க ஆரம்பித்தவர்களுக்குக் கணக்கு வேறு. அமெரிக்காவில் 408 பேரை வைத்து நடந்த லீப்ஸ் ஆய்வு 2011-ல் வந்தது. அதில் ரோபோ இல்லை. பெல்ட்டில் தொங்கவிட்டு டிரெட்மில்லில் நடக்க வைத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே போய் உடற்பயிற்சி கொடுத்தார். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் டிரெட்மில்காரர்கள் முந்தியிருக்கவில்லை. நிற்க வந்ததும் நானும் பெங்களூரு பயணத்தை நிறுத்திவிட்டேன். அவ்வளவு தூரம் காரில் உட்கார்ந்து போய் வருவதிலேயே அன்றைய தெம்பு தீர்ந்துவிடும்.

அப்புறம் வீட்டுக்கு வந்தது அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம். 2021 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அதைத் தொடங்கி வைத்தார். மாத்திரை மட்டும்தான் தருவார்கள் என்று நினைப்பவர்கள் அதிகம், பிசியோதெரபியும் அதில் உண்டு. வந்த பெண் வாசற்படியிலேயே நிற்க வைத்து, "ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வராத கால் முதல்ல, அக்கா" என்று சொல்லிக்கொடுத்தாள். மெஷினில் வாசற்படி ஏது?

வாக்கரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இரண்டு கையிலும் பிடி இருப்பவர்களுக்குத்தான் அது. என் இடது கை பிடிக்காததால் தள்ளும்போதெல்லாம் ஒரு பக்கமாகத் திரும்பியது, புடவைக் கொசுவம் வேறு சக்கரத்தில் சிக்கியது. இப்போது அதில் துணி காய்கிறது.

நாலுகால் குச்சிதான் எனக்கு வேலை செய்தது. நல்ல கையில் பிடிக்க வேண்டும், வராத கால் பக்கம் இல்லை. கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரத்துக்குப் பிடியை வைக்க வேண்டும். அடியில் தட்டையான பக்கம் காலை ஒட்டி இருக்க வேண்டும்; மாறி இருந்தால் நம் காலே இடறும். சிமென்ட் தரையில் அசையாது. தோட்டத்துப் பக்கம் போனால் கதை வேறு. கல்லும் மேடும் இருக்கும் மண்ணில் நாலு காலும் ஒன்றாக ஊன்றாது, ஆடும். மாந்தோப்புக்குப் போக ஒற்றைக் குச்சி தனியாக வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் எனக்கு ரொம்ப உதவியது ஏ.எஃப்.ஓ. கெண்டைக்காலிலிருந்து பாதத்தின் அடி வரை வரும் பிளாஸ்டிக் உறை. முன்பாதம் தரையில் தேயாமல் தூக்கிப் பிடிக்கும். முதலில் ஒரு கடையில் ரெடிமேடாகக் கொடுத்ததில் வெளிக்கணுக்கால் எலும்பு அழுந்திக் கன்றிப்போனது. அந்தக் காலில் எனக்கு உணர்ச்சி கம்மி, வலியே தெரியவில்லை. என் பெண்தான் பார்த்துச் சொன்னாள். பிறகு காலுக்கு மாவுக்கட்டு போட்டு அச்செடுத்துச் செய்ததை வாங்கினேன். கழற்றியதும் சிவப்பு இருக்கத்தான் செய்யும். அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தைச் சூடாக்கி விரித்துத் தரச் சொல்ல வேண்டும்.

நம்ம ஊரில் இதற்குப் பெரிய தொல்லை வீட்டுக்குள் செருப்பு போடாத பழக்கம். வெறும் ஏ.எஃப்.ஓ.வோடு மொசைக் தரையில் நடந்தால் வழுக்கும். பின்வார் வைத்த ஒரு செருப்பை வீட்டுக்கென்றே ஒதுக்கினேன். அதோடு பூஜையறைக்குள் போவதற்கு மாமியார் சம்மதிக்கக் கொஞ்ச நாள் ஆனது. குதிகால் உயரம் வெளியே போடும் செருப்பில் இருப்பதுபோலவே இருக்கட்டும். கூடிக் குறைந்தால் முழங்கால் முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளும். சித்திரை வெயிலுக்கு முழங்கால் வரை பருத்திச் சாக்ஸ் இல்லாமல் முடியாது.

உறையைக் கட்டும் வெல்குரோ ஒட்டுப்பட்டையில் நூலும் முடியும் அடைத்துச் சீக்கிரமே பிடிப்பு போய்விடுகிறது. பழைய பல் பிரஷால் தேய்த்து எடுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் எந்தத் தையல் கடையிலும் புதுசு வைத்துத் தைத்துத் தருவார்கள், உறையையே மாற்ற வேண்டியதில்லை. குச்சியின் அடி ரப்பரை மழைக்காலத்துக்கு முன்னால் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வரிகள் தேய்ந்து மொழுக்கென்று இருந்தால் மாற்றிவிடுங்கள். கடைக்குப் போகும்போது குச்சியையே எடுத்துப் போங்கள், ரப்பரில் அளவு வேறு வேறாக இருக்கிறது.