பறவையின் சாம்பல் என்று கொடுக்கப்பட்ட குடுவை: ஓர் எச்சரிக்கை

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரங்களில் செல்லப் பறவை வளர்ப்பவர்கள் இதை முழுவதுமாகப் படிக்க வேண்டுகிறேன். இறந்த செல்லப் பிராணிகளைத் தனியாகத் தகனம் செய்து சாம்பலைத் திருப்பித் தருவதாகச் சொல்லி வீடு தேடி வரும் ஒருவரிடம், கடந்த ஐப்பசியில் நாங்கள் 6,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம்.

எங்கள் வீட்டில் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்த காக்டெயில் என்னும் சிறு கொண்டைக் கிளியின் பெயர் மணி. மஞ்சள் முகத்தில் இரு பக்கமும் ஆரஞ்சு நிறப் பொட்டு இருக்கும். மாலையில் என் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே கொண்டையைத் தூக்கிக்கொண்டு சீட்டியடிப்பான். அப்பா காலமான பிறகு அம்மா பகலெல்லாம் பேசிக்கொண்டிருந்தது அவனோடுதான். கடைசி வாரத்தில் இறகுகளை உப்பியபடி கூண்டின் அடித்தட்டிலேயே உட்கார்ந்திருந்தான். கால்நடை மருத்துவர் தம்மால் இயன்றதையெல்லாம் செய்தார். அவர்மீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பிற்பாடு எங்களுக்குக் கைகொடுத்ததும் மருந்துச் சீட்டில் அவர் எழுதியிருந்த எடைதான்: 84 கிராம்.

வடசேரியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பதால் புதைப்பதற்கு எங்களுக்குக் கைப்பிடி மண்கூடக் கிடையாது. திருவட்டாறு பக்கம் சித்திக்கு விளை இருக்கிறது. ஆனால் மணி இறந்த அன்று விடியற்காலையிலிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. தீவனக் கடையில் ஒட்டியிருந்த விளம்பரத்து எண்ணை அழைத்தேன். 2,500 ரூபாய் என்றார். முன்பணமாக 1,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பேச்சு மாறியது. பறவை உடம்பு இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது என்றார். பக்கத்து வீட்டார் யாராவது பறவைக் காய்ச்சல் என்று தகவல் கொடுத்துவிட்டால் அதிகாரிகள் வந்து நிற்பார்கள் என்றும் சொன்னார். கேரளத்தில் அந்த நோய் பரவும்போதெல்லாம் எல்லைச் சோதனைச் சாவடியில் கோழி வண்டிகளுக்கு மருந்து தெளிப்பதைப் பார்த்துப் பழகிய நம் மாவட்டத்துக்காரர்களைப் பயமுறுத்த அந்த ஒரு சொல் போதும். அம்மா நடுங்கிப் போனார். தனித் தகனம், குடுவை, பயணச் செலவு என்று கணக்கு ஏறியது. வாடகைக்கு எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து மீதி 5,500 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, சாம்பலோடு தருகிறேன் என்றார். மணியின் காலில் இருந்த அலுமினிய வளையத்தையும் திருப்பித் தருவதாக வாக்களித்தார்.

அவர் சொன்னதில் பாதிதான் உண்மை என்பதை மருத்துவர் பிறகு விளக்கினார். இறகுகள் சூட்டை உள்ளே பிடித்து வைப்பதால் பறவையின் உடல் விரைவில் கெடுவது உண்மைதான். ஆனால் சிறிது சோப்புத் திரவம் கலந்த குளிர்ந்த நீரில் இறகுகளை நன்றாக நனைத்து, உடலைப் பையில் இட்டுக் கட்டி, உறைய விடாமல் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் மறுநாள்வரை கவலையில்லை. இறப்பின் காரணத்தைப் பரிசோதித்து அறிய விரும்புபவர்களுக்கும் இதுவே முறையாம். வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, சிகிச்சையில் இருந்து இறந்த ஒற்றைப் பறவைக்காக அப்படிப் பதறியிருக்க வேண்டியதில்லை என்றும், பறவைகள் கூட்டமாகவோ திடீர் திடீரென்றோ இறந்தால்தான் உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னார். ஒரு நாள் காத்திருந்தால் மழை விட்டதும் சித்தியின் விளையிலேயே அவனை அடக்கம் செய்திருப்போம்.

மறுநாள் மாலை குடுவை வந்தது. ரசீதும் வளையமும் வரவில்லை. அம்மா அதைக் கையில் வாங்கியதுமே, "இவ்வளவு கனமா இருக்காதேடா" என்றார். சாம்பலை மட்டும் சமையலறைத் தராசில் வைத்தபோது 310 கிராம் காட்டியது. முழுவதும் எரிந்த உடலில் எலும்பின் சாம்பல்தான் மிஞ்சும். 84 கிராம் பறவைக்கு அது சில கிராம், ஒரு சிறு கரண்டிகூட நிறையாது. செய்தித்தாளில் கொட்டிப் பார்த்தோம். சிரட்டைக் கரியும், நார்கூடக் கருகாத ஒரு சிரட்டைச் சில்லும், என் சுண்டுவிரல் கனத்தில் ஓர் எலும்புத் துண்டும் கிடந்தன. மணியின் கால் எலும்பு தீக்குச்சியைவிட மெல்லியது.

தொலைபேசியில் கேட்டபோது வளையம் உருகிவிட்டது என்றார். அலுமினியம் உருக 660 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தில் தேங்காய் நார் மட்டும் எப்படிக் கருகாமல் தப்பியது என்று கேட்டேன். இணைப்பைத் துண்டித்தவர், பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார். மணியை அவர் எங்கே கொண்டுபோய்ப் போட்டார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. போன பணத்தைவிட அம்மாவைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். அடுத்து நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்தால் போதும். மருந்துச் சீட்டு, ஜிபே பதிவு, தராசில் வைத்து எடுத்த படம் ஆகியவை என்னிடம் இருக்கின்றன. தகனத்துக்கு யாரிடமாவது கொடுக்க நேர்ந்தால் உடன் போய் நின்று பாருங்கள். வர வேண்டாம் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். இதே போன்ற மண் குடுவை, மூடியில் சிவப்புத் துணி கட்டியது, உங்கள் வீட்டிலும் இருந்தால் அதைக் கரைப்பதற்கு முன் எடை போட்டுப் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தெரிவியுங்கள். மனுவை நாம் சேர்ந்தே கொடுக்கலாம்.